எல்லை தாண்டிய பந்து – 9: நீலகண்டனின் கடவுச்சீட்டு

"ஜப்பான் பாஸ்போட்டக் குடுத்துப்போட்டு இந்தியாப் பாஸ்போட்டு எடுத்தவரா? அந்தாளுக்கு மண்டைக்குள்ள என்னமும் பிழையா காக்கா?"

சென்ற கிழமை மஃரிபுக்குப் பிறகு கடைத்தெருவில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். "அடுத்த தொடருக்கு ஆர் காக்கா?" என்று கேட்ட தம்பியொருவனுக்கு இந்தக் கதையை இரண்டு வசனத்தில் சொன்னேன். அதற்கு அவன் கேட்டதுதான் மேலே உள்ளது. அவனைக் குறை சொல்ல முடியாது. கொழும்புக்கு இரவு பஸ் ஏறி, பத்தரமுல்லையில் விடியுமுன் வரிசையில் நின்று கடவுச்சீட்டு எடுத்து, அதில் கட்டாரோ சவூதியோ ஒரு விசா விழாதா என்று பார்த்திருக்கிற ஊர் நம்முடையது. எந்தச் சீட்டுக்கு எந்தக் கதவு திறக்கும் என்பது அக்கரைப்பற்றில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் மனப்பாடம். ஜப்பானியச் சீட்டுக்குத் திறக்காத கதவு அபூர்வம். அதை ஒரு மனிதர் தானாகத் திருப்பிக் கொடுத்தார். பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு நீலச் சட்டை.

அவர் பெயர் அராத்தா இஸுமி. தாய் ஜப்பானியர், தந்தை குஜராத்தி. தந்தை வழியில் அவருக்கு இன்னொரு பெயரும் இருக்கிறது: நீலகண்ட் கம்போல்ஜா. நம் வாயில் நீலகண்டன்.

சென்ற இதழில் பர்மாக்காரர் கியாவ் டின் கதையை எழுதியிருந்தேன். தோக்கியோவில் தொழில்நுட்பம் படிக்கப்போன அந்த மாணவர், வசேதா உயர்பள்ளிப் பையன்களுக்குக் குறுகிய தூரத்தில் பந்தைக் கொடுத்து வாங்கக் கற்றுக்கொடுத்தார். 1923இல் அதை ஒரு புத்தகமாகவும் எழுதினார். அதே ஆண்டின் பெரும் பூகம்பத்துக்குப் பிறகு ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி கொடுத்தார். அவரிடம் படித்த சுசுகி ஷிகெயோஷிதான் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் சுவீடனை 3–2 என்று கவிழ்த்த ஜப்பானிய அணிக்குப் பயிற்றுவிப்பாளர். ஜப்பான் தனது உதைபந்தாட்டப் புகழ்மண்டபத்தில் கியாவ் டின்னைச் சேர்த்தது 2007இல். எண்பது ஆண்டு பிந்திய நன்றி, ஆனாலும் நன்றிதான். அந்தக் காலத்தில் பந்து நம் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. இந்தக் கிழமைக் கதையில் அது திரும்பி வருகிறது.

இடையில் என்ன நடந்தது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா ஜப்பானை 2–0 என்று வென்று, கடைசியில் தங்கப்பதக்கமும் எடுத்தது. அந்த அணியை உருவாக்கியவர் ஹைதராபாத் ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1960இல், ஜப்பானியர்கள் டெட்மார் கிராமர் என்ற ஜெர்மானியரை அழைத்து, தங்கள் அணியைத் தேற்றித் தரச் சொல்லியிருந்தார்கள். நாடு முழுவதற்கும் ஒரு லீக் வேண்டும், பயிற்றுவிப்பாளர்களை முறையாகப் படிப்பிக்க வேண்டும் என்றார் கிராமர். 1965இல் லீக் தொடங்கியது. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு வெண்கலம். கமமோட்டோ ஏழு கோல் அடித்து முதலிடம் பிடித்தார்.

இதற்குப் பிறகும், 1970 பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இந்தியா ஜப்பானை 1–0 என்று வென்றது என்பது பலருக்கு மறந்துபோன சங்கதி. வென்றவர்கள் அந்த வெற்றியோடு உட்கார்ந்துவிட்டார்கள். தோற்றவர்கள் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டார்கள். 2004இலும் 2006இலும் இரு நாடுகளும் நான்கு தடவை மோதின. கோல்களைக் கூட்டிப் பார்த்தால் ஜப்பான் இருபது, இந்தியா சைபர். 2004இல் கொல்கத்தாவில் நடந்த ஆட்டத்தில் இடைவேளையில் மைதான விளக்குகளே அணைந்து, இரண்டாம் பாதி தாமதமானது. அந்த இருட்டில்கூட இந்தியாவுக்கு ஒரு கோல் அகப்படவில்லை.

இஸுமி இந்தியாவுக்கு வந்தது அந்த 2006இல்தான்.

அவர் பிறந்தது 1982 ஜூலை 31, ஷிமோனோசெக்கியில். ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷூவின் மேற்கு நுனியில் இருக்கும் துறைமுகப் பட்டினம் அது. நம் கரைவலையில் பேத்தை மீன் ஏறினால், ஊதிப்போன அதன் வயிற்றில் காலால் ஒரு தட்டுத் தட்டி மணலில் எறிந்துவிடுகிறோம் இல்லையா, ஷிமோனோசெக்கி அந்தப் பேத்தைக்குத்தான் பேர்போனது. அதன் நஞ்சை எடுத்துச் சமைக்க உத்தரவுப்பத்திரம் வேண்டும். ஒரு தட்டின் விலைக்கு இங்கே ஒரு குடும்பம் கிழமைச் சாமான் வாங்கலாம். பேத்தையும் மனிதரும் ஒன்றுதான்: எந்தக் கரையில் ஒதுங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் விலை.

ஜே லீக் என்ற தொழில்முறை லீக் 1993 மே மாதம் தொடங்கியபோது இஸுமிக்குப் பத்து வயது. அதே ஆண்டு ஒக்டோபர் 28இல் டோஹாவில் ஜப்பான் ஈராக்கோடு ஆடியது. வென்றால் முதல் தடவையாக உலகக் கிண்ணம். 2–1 என்று முன்னணியில் இருந்தவர்கள், காயங்களுக்காகக் கூட்டிய நேரத்தில் ஒரு கோர்னரிலிருந்து கோல் வாங்கி வெளியே போனார்கள். ஜப்பானில் இன்றும் டோஹா என்ற பேரைச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுருங்கும். அன்று மைதானத்தில் நின்றவர்களில் ஒருவர் மொரியாசு ஹஜிமே, ஹிரோஷிமாவின் சான்ஃபிரெச்சே கழகத்து மத்தியகள வீரர். பெரிய பேர் இல்லாதவர். எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறித்துப் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுப்பதே அவர் வேலை. பின்னாளில் அதே கழகத்தைப் பயிற்றுவித்து 2012, 2013, 2015 என்று மூன்று தடவை சம்பியனாக்கினார். 2018இல் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. 2022 உலகக் கிண்ணம் நடந்ததும் அதே டோஹாவில். ஜெர்மனியை 2–1, ஸ்பெயினை 2–1. அந்த இரண்டு இரவுகளிலும் கட்டாரில் வேலை செய்யும் நம் ஊர்ப் பொடியன்கள் அனுப்பிய வீடியோக்களால் என் தொலைபேசி நிரம்பிவிட்டது. மெட்ரோ நிலையத்துக்குள் நின்று, யார் நாடு என்று பாராமல் கத்திக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதே நகரத்துக்குத் திரும்பி வந்த மனிதரின் மனது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மொரியாசுவுக்குத் தனியாக ஓர் இதழ் எழுத வேண்டும். இப்போதைக்கு இந்த அளவு.

இஸுமிக்கு மொரியாசுவின் வழி கிடைக்கவில்லை. ஜப்பானில் ஜே லீக் வந்தபிறகு பந்து விளையாடத் தெரிந்த பையன்கள் ஆயிரக்கணக்கில். மேல்தட்டில் இடம் சில நூறு. மிஞ்சியவர்கள் கடல் தாண்டினார்கள். நீகாத்தா நகரத்து அல்பிரெக்ஸ் கழகம் 2004இல் சிங்கப்பூர் லீக்குக்கு முழுக்க ஜப்பானியர்களைக் கொண்ட ஓர் அணியையே அனுப்பியது. இஸுமி அதில் சேர்ந்தார். அங்கிருந்து கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால்.

கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்ற இரண்டு பேரையும் தெருவில் நின்று சேர்த்துச் சொன்னால் சண்டை வரும் என்பார்கள். நம் ஊர்ப் பெருநாள் சுற்றுப்போட்டியில் இரண்டு வட்டாரங்கள் இறுதியாட்டத்துக்கு வந்தால் எப்படி இருக்குமோ, அதை ஒரு இலட்சம் பேரால் பெருக்குங்கள். அந்த வெக்கைக்குள் 24 வயதில் வந்திறங்கிய ஜப்பான்காரர் ஒரு பருவம்தான் தாக்குப்பிடித்தார் என்று சொன்னால், அது அவருக்குச் செய்யும் அநியாயம். கழகம் மாறினாரே ஒழிய நாட்டை விட்டுப் போகவில்லை. 2007இல் மும்பை மஹிந்திரா யுனைட்டட். அங்கே பயிற்றுவிப்பாளர் டெரிக் பெரெய்ரா, முன்னாள் இந்திய பெக். 2008இல் அந்தக் கழகம் டுராண்ட் கிண்ணத்தை வென்றது. 2009இல் பெரெய்ரா பூனே கழகத்துக்குப் போனார். இஸுமியும் பூனே போனார்.

அவருடைய நல்ல ஆண்டுகள் பூனேயில் கழிந்தவை. மத்தியகளத்தில் ஆடினார். பந்து வருமுன் தலையைத் திருப்பிப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்துக்கொள்கிற ஆட்டம். நம் மைதானங்களில் பந்து வந்த பிறகு பார்ப்பதுதான் வழக்கம். அதற்குள் எதிராளி வந்து கெண்டைக்காலில் ஒன்று போட்டுவிடுவான். 2012–13 பருவத்தில் பூனே, இந்தியாவின் அன்றைய முதல்தர லீக்கான ஐ லீக்கில் இரண்டாமிடம் பெற்றது. கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் சம்பியன். பெரிய ரசிகர் கூட்டம் இல்லாத, வயதில் சின்னக் கழகத்துக்கு அது லேசான காரியமில்லை.

இனிக் கடவுச்சீட்டுக்கு வருவோம்.

ஒருவரின் தாயோ தந்தையோ ஒரு நாட்டில் பிறந்தவராக இருந்தால், அந்த நாட்டின் குடியுரிமையோடு அவர் அந்த அணிக்கு ஆடலாம் என்கிறது ஃபிஃபா விதி. இந்தியா ஒரு படி மேலே போய், 2008இல் ஒரு வேலி போட்டது: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் மட்டுமே எந்த விளையாட்டிலும் நாட்டுக்காக ஆடலாம். வெளிநாட்டில் வாழும் வம்சாவளியினருக்குக் கொடுக்கும் அட்டை போதாது. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்காது. ஜப்பானியச் சட்டமும் கறார். ஒரு ஜப்பானியர் விரும்பிப்போய் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால், எடுத்த கணத்திலேயே பழையது போய்விடும். ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று என்று வைத்திருக்கும் வசதியே இல்லை.

இஸுமி தேர்ந்தெடுத்தார். 2012இல் ஜப்பானியக் குடியுரிமையை விட்டு இந்தியரானார். அப்போது அவருக்கு முப்பது. மத்தியகள வீரனுக்கு முப்பது என்பது அஸர் நேரம். வெளிச்சம் இருக்கும், ஆனால் நிழல் நீளத் தொடங்கிவிடும்.

இதில் கொஞ்சம் கணக்கும் இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஐ லீக்கில் ஒரு கழகம் இத்தனை வெளிநாட்டவரைத்தான் இறக்கலாம், அதில் ஓர் இடம் ஆசிய நாட்டவருக்கு என்று வரையறை இருந்தது. இஸுமி இந்தியரானதும் அந்த இடம் காலியாகி, கழகத்துக்கு இன்னொரு வெளிநாட்டவரை எடுக்க வழி பிறந்தது. உள்ளூர் வீரன் என்ற வகையில் அவருக்கும் வாய்ப்பு நீண்டது. நியாயமான கணக்குத்தான். ஆனால் கணக்கு மட்டும் பார்க்கிறவர் என்றால், யூசா கத்சுமி போல ஜப்பானியராகவே இருந்து ஆடியிருக்கலாம். கத்சுமி மோகன் பகானுக்கு ஆடி 2015இல் ஐ லீக் சம்பியனாகவும் ஆனார், கடவுச்சீட்டை மாற்றவில்லை. தந்தையின் மண் என்ற எண்ணம் இல்லாமல் ஒருவர் இந்த அளவுக்குப் போவாரா? எனக்குத் தோன்றவில்லை.

2013 பெப்ரவரி 6, கொச்சி. பலஸ்தீனத்துக்கு எதிராக நட்புறவு ஆட்டம். இஸுமி இந்தியாவின் நீலச் சட்டையில் இறங்கினார். வெளிநாட்டுக் குடியுரிமையைத் துறந்து அந்தச் சட்டைக்கு வந்த முதல் ஆள். ஆட்டத்தில் இந்தியா 2–4 என்று தோற்றது. அன்றைய நம் ஊர்த் தேநீர்க்கடைகளில் யார் பக்கம் நின்றிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பலஸ்தீனம் பந்து தொட்டாலே இங்கே கை தட்டுவார்கள். மைதானத்தில் நடந்ததோ விசித்திரம். ஒரு பக்கம் நாடு கேட்டுப் போராடும் மக்களின் அணி, மறுபக்கம் ஒரு நாட்டைக் கையளித்துவிட்டு வந்த மனிதர்.

தேசிய அணிக்கு அவர் ஆடிய ஆட்டங்கள் பத்தைத் தாண்டவில்லை. பெரிய கிண்ணம் எதுவும் இல்லை. இவ்வளவுக்குத்தானா அந்தச் சீட்டைக் கொடுத்தார் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் கேட்கலாம்.

அதைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. அவர் ஆடிய கழகங்களின் பட்டியலை எழுதிப் பார்த்தேன். மஹிந்திரா யுனைட்டட்: 2010இல் கம்பனி கலைத்துவிட்டது. பூனே: 2014–15 பருவத்தோடு ஐ லீக்கிலிருந்து விலகி மறைந்தது. ஐ.எஸ்.எல். என்ற புதிய லீக் வந்தபின் 2015இல் கொல்கத்தா, 2016இல் பூனே சிட்டி. அந்தப் பூனே சிட்டியும் 2019இல் மூடப்பட்டு, அதன் இடம் ஹைதராபாத்துக்குப் போனது. 2017இல் கேரள பிளாஸ்டர்ஸ், பிறகு மணிப்பூரின் நெரோக்கா. தன் நாட்டை மாற்றிக்கொண்டு வந்தவருக்கு, நம்பி நின்ற கழகங்கள் காலடியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக உருவப்பட்டன. ஜப்பானில் லீக் தொடங்கியபோது ஒவ்வொரு கழகமும் ஓர் ஊரின் பேரைத் தாங்க வேண்டும் என்று விதித்தார்கள். கம்பனிப் பேரைத் தூக்கச் சொன்னார்கள். முதலாளியின் மனம் மாறினாலும் ஊர் இருக்கும் என்ற யோசனை. மாஸ்டா கார்க் கம்பனியின் அணி ஹிரோஷிமாவின் சான்ஃபிரெச்சே ஆனது அப்படித்தான். இந்தியாவில் அந்தப் பாடம் இறங்கவில்லை.

விளையாட்டை முடித்தபின் இஸுமி ஜப்பானுக்குத் திரும்பவில்லை. நவி மும்பையில் ரிலையன்ஸ் அறக்கட்டளை 2015இல் தொடங்கிய இளைஞர் பயிற்சிக்கழகத்தில் பயிற்றுவிப்பாளரானார். நாடு முழுவதிலுமிருந்து பொறுக்கியெடுத்த பையன்கள் அங்கேயே தங்கிப் படித்து, அங்கேயே ஆடுகிறார்கள். 2022இல் கோவாவில் இளம் அணிகளுக்கான அபிவிருத்தி லீக் தொடங்கியபோது, ஐ.எஸ்.எல். கழகங்களின் பிள்ளைகளுக்கு எதிராக இறங்கிய அந்தப் பயிற்சிக்கழக அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் இஸுமி. பதினைந்து, பதினெட்டு வயதுப் பொடியன்கள். அவருடைய பிறந்த ஊரை உலகப்படத்தில் காட்டச் சொன்னால் திணறுவார்கள்.

ஜப்பானியப் பயிற்சிக்கூடங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் இரண்டு சொற்கள் உண்டு: தோமெரு, கெரு. நிறுத்து, உதை. அவ்வளவுதான் ஆட்டம் என்பார்கள். பந்து வந்தால் அடுத்த உதைக்கு வசதியான இடத்தில் அதைச் சாக வைக்க வேண்டும். பிறகு நினைத்த காலுக்கு அனுப்ப வேண்டும். பத்து மீற்றர் தூரத்தில் இரண்டு பேர் நின்று இதையே ஆயிரம் தடவை செய்வார்கள். பார்க்கச் சலிப்பாக இருக்கும். கியாவ் டின் நூறு ஆண்டுகளுக்கு முன் வசேதாவில் கற்றுக்கொடுத்ததின் பேரப்பிள்ளைதான் இது.

நாங்கள் படித்த விதம் வேறு. பெரும்போகம் வெட்டி முடிந்ததும் வட்டைக்குள் இறங்கிவிடுவோம். அரிதாள் குத்தும், வரம்பு தடுக்கும், பந்து எங்கே துள்ளும் என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். அந்தத் தரையில் பந்தை நிறுத்துவது என்ற பேச்சே கிடையாது. வந்த வேகத்தில் ஓங்கி உதைத்தால்தான் உண்டு. யார் தூரமாக உதைக்கிறாரோ அவர் நல்ல பிளேயர். கோச் என்றால் எங்களில் இரண்டு வயது மூத்த காக்கா, வாயில் ஒரு விசில். இன்றும் கல்முனையிலோ அட்டாளைச்சேனையிலோ ஓர் ஆட்டம் பார்த்தால், கூட்டம் எழுந்து கத்துவது நீளமான உதைக்குத்தான். ஒருவன் பந்தை அழகாக நிறுத்தினால் "உடுடா, என்ன வெச்சிப் பாத்துக்கிட்டு நிக்காய்!" என்று வேலிக்கு வெளியே இருந்து ஏச்சு விழும். ஏசுகிறவர்களில் நானும் ஒருவன்.

குடியுரிமை விசயத்தில் நம் நாடு கொஞ்சம் தாராளம். இரட்டைக் குடியுரிமை இங்கே முடியும் என்பதால், புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் இலங்கைச் சட்டைக்கு வருவது எளிது. பெர்லினில் பிறந்து வளர்ந்த வசீம் ராசீக் 2021 ஜூனில் லெபனானுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார். 2–3 என்று தோற்றாலும் அந்த இரவு பலருக்கு மறக்காது. அவருக்குப் பின்னால் ஜெர்மனி, சுவீடன், அவுஸ்திரேலியா என்று பல இடங்களிலிருந்து பொடியன்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். இந்தியாவில் இஸுமிக்குப் பிறகு இன்னொருவர் அந்த வேலியைத் தாண்ட 2025 ஆக வேண்டியிருந்தது: பெங்களூர் கழகத்தின் றையன் வில்லியம்ஸ், பேர்த்தில் பிறந்தவர், தாய் வழியில் மும்பை. அவரும் அவுஸ்திரேலியச் சீட்டைக் கொடுத்துத்தான் வந்தார்.

இவ்வளவையும் தேநீர்க்கடைத் தம்பிக்குச் சொல்லி முடிக்க இரண்டாவது பிளேன்டீயும் ஆறிவிட்டது. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்.

"அப்ப இப்ப அவர் மும்பையில பொடியனுகளுக்குப் பந்து நிப்பாட்டப் படிச்சிக் குடுக்காரா?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளும் அதே வேலையா?"

"அதேதான்."

"சம்பளம் என்ன வரும் காக்கா?"

எனக்குத் தெரியாது என்றேன். அவன் சிரித்துவிட்டு, வாசலில் கிடந்த பிளாஸ்டிக் போத்தல் மூடியொன்றை உள்ளங்காலால் அமர்த்தி நிறுத்தி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டாளியின் காலுக்குத் தட்டிவிட்டான். அது நேராகத்தான் போனது.

(அடுத்த கிழமை: கொழும்பிலிருந்து டாக்கா போய் அபாஹானியில் ஆடிய பக்கீர் அலி. 2018 செப்டம்பரில் இலங்கை அணியின் பயிற்றுவிப்பாளராக அதே டாக்கா அரங்குக்குத் திரும்பியபோது, மாலைதீவோடு எல்லாக் கணக்கும் சமமாகி, அவரது விதி ஒரு நாணயத்தின் சுழற்சியில் போய் நின்ற கதை.)